உயர்வு நவிற்சியும் வாய்மையும்

அளவிறந்து உரைத்தலைச் சுட்ட ஆங்கிலத்தில் 'ஹைப்பர்போலிக்' என்றொரு பெயரடை உண்டு. 'அப்பால் எறிதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. கணித மாணவர் அதனை அதிபரவளைவு என்னும் வளைகோட்டுக்கு அடையாகக் கொள்வர். இலக்கிய மாணவர் உயர்வு நவிற்சிக்கு அடையாகக் கொள்வர். அன்றாட வழக்கிலோ ஒருவர் கூற்றை அவ்வடையாற் குறிப்பது, அதனை அப்படியே நம்பவேண்டா என எச்சரிப்பதாகவே பெரும்பாலும் அமைகின்றது. அணியெனப் போற்றப்படுவது ஐயத்துக்கும் உரியதாவது எங்ஙனம்? மிகைப்படக் கூறுதல் பொய் கூறுதலாகுமா? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அணியியலாசிரியர் குயின்ரிலியன், மிகைக்கூற்று பொய்யே எனினும் ஏமாற்றும் நோக்குடைய பொய்யன்று என்பார். சாப்பிட வரப் பிந்திய பிள்ளையைத் தாய் 'ஆயிரந்தரம் கூப்பிட்டுவிட்டேன்' எனக் கடிகின்றாள். பிள்ளை எண்ணிக்கையை ஆராய்வதில்லை. தாயின் சலிப்பையே அறிந்துகொள்கின்றது. சொல்வோரும் கேட்போரும் உடன்பட்ட இவ்வழக்கில் வஞ்சனை இல்லை. ஆயினும் இவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. இவ்வணியை 'அதிசயம்' எனப் பெயரிட்ட தண்டியலங்காரம், அது உலக வரம்பைக் கடவாது, ஆன்றோர் வியக்குமாறு அமைதல் வேண்டும் என்கின்றது. வள்ளுவரோ 'வாய்மை' அதிகாரத்தில், தீங்கு சிறிதும் பயவாத சொல்லே வாய்மை என வரையறுக்கின்றார். எனவே, மிகை ஏமாற்றுகின்றதா என்பதோடு, அது தீங்கு செய்கின்றதா என்பதும் வினாவப்படவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இறந்தவர் நினைவாக அந்தியேட்டியை ஒட்டிக் 'கல்வெட்டு' என்னும் சிறுநூலை அச்சிட்டு வழங்குதல் நம்மவர் மரபு. என் அம்மம்மாவின் கல்வெட்டிலே அவர் 'அள்ளக் குறையாத அட்சய பாத்திரம்' எனப் புகழப்பட்டிருந்தார். வாசித்தோர் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். பின்னர் அம்மா சொன்ன செய்தியொன்று அம்மகிழ்ச்சியைக் குலைத்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, அம்மம்மாவும் பிள்ளைகளோடு சாவகச்சேரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினார். கையிலிருந்த அரிசியைச் சுண்டால் அளந்து, நாளொன்றுக்கு இவ்வளவென வகுத்துவைத்தார். அத்திண்ணைக்குப் பின்னர் வந்துசேர்ந்த குடும்பத்துக்கும் அதிலிருந்தே பங்கிட்டார். குறைந்தது அவருடைய பங்கு.

அட்சய பாத்திரத்திலிருந்து அள்ளிக் கொடுப்பதில் அறம் யாது? குறையாத கலம் கொடுப்பவரிடமிருந்து எதனையும் பறிப்பதில்லை. குறையும் என்பதை அறிந்தும் கொடுத்தாரே, அதிலன்றோ அவர் பெருமை இருந்தது! 'கல்வெட்டுப் புகழ்ச்சியை எவரும் மெய்யெனக் கொள்வதில்லை. அது மரபு' எனச் சிலர் கூறலாம். அங்கே எவரும் ஏமாற்றப்படவில்லை என்பது உண்மையே. ஆனால், எல்லோருக்கும் பொருந்தும் புகழ் எவருக்கும் உரியதாகாது. ஏமாற்றாத மிகையும் ஒருவருடைய மெய்யான வாழ்வை மறைத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

புகழ்ச்சியில் இவ்வாறாயின், சான்று பகர்தலில் மிகையின் தீங்கு இன்னும் பெரிது. 1981 மே 31, யூன் 1 ஆகிய நாள்களை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. மேடையேறும் ஒருவர் இத்தொகையைப் 'பல இலட்சம்' என உயர்த்துவாராயின், இழப்பின் துயரம் அதனால் உயர்வதில்லை. மறுக்க விரும்புபவனுக்கே அது வாய்ப்பாகின்றது. அவன் தொகையைப் பொய்யென நிறுவி, அதன்வழி நெருப்பையும் ஐயத்துக்குள்ளாக்குவான். யாவற்றையும் இழந்தவர்க்கு எஞ்சும் உடைமை பலவேளைகளில் அவர்தம் சொல்லின் நம்பகம் ஒன்றே. அதனை ஒரு கைதட்டலுக்காகச் செலவிடலாகாது.

மிகைக்கூற்று இளமைக்கு உரிய இயல்பு என்றும், சினமுற்றோரிடமே அது மிகுந்து காணப்படும் என்றும் அரிஸ்ரோட்டில் கூறினார். நாம் இளைஞர், சினங்கொள்ளக் காரணங்களும் நமக்கு இல்லாமலில்லை. ஆதலின் இவ்வெச்சரிக்கை நமக்கே பெரிதும் பொருந்தும். கவிதையில் உயர்வு நவிற்சியைத் துறக்கவேண்டுவதில்லை. அங்கே அதனை அணியென்று அறிந்தே அனுபவிக்கின்றோம். பிறருடைய வாழ்வுக்கும் இழப்புக்கும் சாட்சியாக நிற்குமிடத்திலோ, உள்ளதை உள்ளவாறு உரைத்தலே அவர்க்கு நாம் செய்யும் மரியாதையாகும். அம்மம்மாவின் கல்வெட்டை மீண்டும் அச்சிட நேருமாயின், 'அட்சய பாத்திரம்' என்பதை நீக்கி, அந்தச் சுண்டைப் பற்றி எழுதுமாறு வேண்டுவேன்.