இருநூறு அடி உயரம் வரை

இடவப்பாதி மழை மேற்குக் கடலிலிருந்து ஏறிவந்து வேளிமலையை முற்றும் மறைத்துவிட்ட ஒரு நாளின் பின்மாலையில், நெய்யூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வளைகுடா நாட்டிலிருந்து வரும் தன் மகனுக்காகக் காத்து நின்ற அண்டை வீட்டுப் பெண்மணிக்குத் துணையாக நானும் நிற்க நேர்ந்தது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுகையில், அந்த ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து செல்லும்பொருட்டுச் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவைக்கிற நிலையம் அது. கடவுளுக்கு வழிவிட்டுப் பழகிய அவ்விடத்தில், குமாரகோயில் முருகனுக்கு நேர்ச்சை சொல்லிக்கொண்டே அவள் நின்றது பொருத்தமாகத்தான் இருந்தது. மேகத்துக்குள்ளிருந்து இரைச்சல் நெருங்கி வந்தது. வந்தது இறங்காமல், திடீரென்று பேரோசையாகப் பெருகி, மறுபடி மேலே ஏறிப் போயிற்று. அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, இப்படி மூடிக் கெடக்குதே, கண்ணு தெரியாம அவன் எதை நம்பி எறக்குவான்?”

எதை நம்பி என்பது, அவள் அறியாமலே, நம் தர்க்க சாஸ்திரிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி. அறிவுக்கு வழியாகும் பிரமாணங்களில் முதலாவது, புலன்களால் நேரே காணும் பிரத்யட்சம் என்பர். அதைத் தவிர வேறொன்றையும் ஒப்பாதவர் சார்வாகர். ஆனால் சார்வாகன் ஒருவனை விமானியாக்கி மேகத்துக்குள் அனுப்பினால் அவன் வெகுநேரம் பிழைத்திருக்க மாட்டான். ஏனெனில், காதின் உட்புறத்தில் நம் உடம்பின் நிலையை உணர்த்துகிற திரவம், விமானம் மெல்ல ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. திரும்புகிறவன் நேரே போவதாக எண்ணுகிறான். உண்மையில் நேராக்கியதும் எதிர்ப்புறம் சாய்ந்துவிட்டதாகப் பதறி, மறுபடியும் பழைய சாய்வுக்கே திருப்பிவிடுகிறான். புலன் சொல்வது பொய், எதிரேயுள்ள கருவியின் முள் சொல்வது மெய் என்று தன் உடம்புக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லக் கற்பதுதான் விமானியின் முதல் தவம். 1929 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் என்பவர், வெளியே ஒன்றும் தெரியாதபடி மூடிய இருக்கையிலமர்ந்து, முட்களை மட்டுமே பார்த்து ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டிய நாளில்தான் அந்தத் தவம் பலித்தது.

அப்படியானால் இது குருட்டு விசுவாசம் அல்லவா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், ஐ.எல்.எஸ். என்று விமானிகள் வழங்கும் அந்தக் கருவியின் நெறியைத் தெரிந்துகொள்ளும் வரை. ஓடுபாதையின் மறுகோடியில் நிற்கும் அலைக்கம்ப வரிசையொன்று, நடுக்கோட்டின் இடப்புறம் விநாடிக்கு 90 அதிர்வும் வலப்புறம் 150 அதிர்வும் மிகுந்திருக்குமாறு இரண்டு ஒலிகளை அலையிலேற்றி அனுப்புகிறது. இரண்டும் சமமாகும் இடமே நடுக்கோடு. பாதையோரத்தில் நிற்கும் வேறொரு கம்பம் இதே முறையில் மேலும் கீழும் அளந்து, 3 பாகைச் சரிவை வானத்தில் வரைகிறது. என் மனத்தைக் கவர்ந்தது இவையல்ல. அந்த அலையை ஓயாமல் ஒட்டுக்கேட்டுக் கண்காணிக்கும் துணைக்கருவி ஒன்று உண்டு. அலை தன் வரம்பைவிட்டு விலகினால் அது மாற்றுக் கருவிக்கு மாற்றும், அதுவும் பிழையாயின் அலையையே அணைத்துவிடும். விமானியின் முன் எச்சரிக்கைக் கொடி தோன்றும். உள்ளதை உள்ளபடி அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவனை ஆப்தன் என்று நியாய சாஸ்திரம் கொண்டாடுகிறது. பொய் சொல்ல நேருமென்றால் வாயை மூடிக்கொள்கிறவனும் ஆப்தன்தான் என்று சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. நம் உபதேசிகளில் எத்தனை பேருக்கு இந்தக் கொடி உண்டு?

இன்னொரு விசித்திரமும் உண்டு. மெய்யான சரிவுக்கு மேலே, அலைகளின் இயல்பினால், செங்குத்தான போலிச் சரிவுகளும் தோன்றுகின்றன. அவற்றில் சிக்காதிருக்க விமானி தாழ நின்று, கீழிருந்தே மெய்ப்பாதையைச் சேர வேண்டும். உயரத்திலிருந்து வருகிறவனுக்கே போலி வாய்க்கும் என்பதைக் கேட்டபோது, பணிவைப் பற்றிய பிரசங்கங்கள் பல எனக்கு வெறும் ஓசையாகிவிட்டன.

எல்லாவற்றிலும் பெரிது அந்த விசுவாசத்துக்கு ஓர் எல்லை குறித்திருப்பது. சாதாரண வகை இறக்கத்தில் அது தரைக்கு மேல் 200 அடி. டில்லிப் பனிமூட்டத்தில் இன்னும் தாழ அழைத்துச் செல்லும் உயர்வகைகளும் உண்டு. அவை வேறு கதை. 200 அடி வரை முள்ளை நம்பு. அங்கே விளக்கு வரிசையோ ஓடுபாதையோ கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கு. பாதையோரத்து நான்கு விளக்குகளில் இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை என்றால் சரிவு சரி. ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு கணமும் தயங்காமல் மேலேறு. அதாவது, ஆப்தன் வாக்காகிய சப்தப் பிரமாணம் கைப்பிடித்து அழைத்து வந்து வாசலில் பிரத்யட்சத்திடம் ஒப்படைக்கிறது. 2010 மே 22 அன்று மங்களூரில், வேண்டிய உயரத்துக்கு வெகு மேலே வந்த விமானத்தைத் தலைமை விமானி விடாப்பிடியாக இறக்க, மேலேறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேளாததால், 158 உயிர்கள் மாண்டன. குருட்டு விசுவாசம் என்ற பெயர் முள்ளை நம்புவதற்குப் பொருந்தாது. தன்னை நம்பிய அந்த நம்பிக்கைக்கே பொருந்தும்.

திரும்புதலின் அருமையை நெய்யூர்க்காரர்களுக்கு அயலூரார் சொல்லவேண்டியதில்லை. எங்கள் லண்டன் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் சாமர்வெல், 1924 ஜூன் 4 அன்று எவரெஸ்டில் சுமார் 28,000 அடி உயரத்தில், பிராணவாயுக் கலமின்றி, தொண்டை அடைத்து மூச்சுத் திணறியபோது, சிகரம் கண்ணெதிரே நிற்க, அதற்கு மேல் ஏறாமல் நின்று திரும்பினார். நான்கு நாள் கழித்து ஏறிய மாலரியும் இர்வினும் திரும்பவில்லை. அவர் திரும்பியதால் இந்தச் சீமையில் எத்தனை வயிறுகள் தைக்கப்பட்டன என்பதைக் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு நேரமிருந்தது; சொல்லத்தான் வாய் வரவில்லை. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா பக்தன் என்று வைணவர் வகுத்த இரண்டு நியாயங்களும் அந்த ஒரே விமானத்துக்குள் இருந்தன. விமானி முதல்வகை, பின்னே அமர்ந்தவர் அனைவரும் இரண்டாம் வகை. கால் மணிக்குப் பின் இரைச்சல் மறுபடி நெருங்கியது. இம்முறை அது மேலேறவில்லை.

பையன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்தான். நடுவில் ஒரு தடவை மேலே தூக்கிக்கொண்டு போனானே, பயந்தாயா என்று அவள் விசாரித்தாள்.

“எப்பம்மா? நான் நல்லா ஒறங்கிட்டேன்லா.”

அவள் அவனை ஏசத் தொடங்கிய ஏச்சு களியக்காவிளை தாண்டியும் ஓயவில்லை.