நாக்கின் ஆசாரம்

சட்டம் போன பிறகு ருசி மட்டும் தங்கினால் அதற்கு என்ன பெயர் வைப்பது? விசுவாசம் என்பதா, பழக்கம் என்பதா, வெறும் பாசாங்கு என்பதா? மத விஷயங்களை எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்பார்கள். சாப்பாட்டுக் கடையில் வைத்துக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆசாரம் மனிதனை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிற இடம் அவனுடைய நாக்குதான் என்பது என் அபிப்பிராயம்.

நியூயார்க் நகரில் ஹூஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சேரும் முனையில் காட்ஸ் என்று ஒரு டெலிகட்டெஸன் இருக்கிறது. உப்பிலும் புகையிலும் பதப்படுத்திய இறைச்சி வகைகளை விற்பதோடு அங்கேயே உட்கார வைத்துப் பரிமாறவும் செய்கிற கடைக்கு அந்தப் பெயர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த யூதர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த பேட்டை அது. அங்கே 1888ல் தொடங்கிய கடை. அதே ஹூஸ்டன் தெருவில் சில வாசல்கள் தள்ளி, 1914ல் தொடங்கிய ரஸ் அண்ட் டாட்டர்ஸ் என்ற இன்னொரு கடை. அங்கே மீனும் பாலாடைக்கட்டியும். இறைச்சிக்கு ஒரு கடை, பாலுக்கு ஒரு கடை என்று ஏன் இப்படிப் பிரிந்தன? குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று யூத வேதம் மூன்று இடங்களில் சொல்கிறது. அந்த ஒரு வரியிலிருந்து பண்டிதர்கள் ஒரு பெரிய சாஸ்திரத்தையே கிளப்பினார்கள். இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் கூடாது, பாத்திரங்கள் தனித்தனி, இறைச்சி தின்றவர் பால் குடிக்க ஆறு மணி நேரம் காத்திருப்பது பலருக்கு வழக்கம். வீட்டு அலமாரியைப் பிரித்த விதி, கடைசியில் தெருவையும் பிரித்துவிட்டது.

இன்னொரு விதி. யாக்கோபு இரவெல்லாம் ஒருவரோடு மல்யுத்தம் செய்து தொடை சுளுக்கிக்கொண்டான் என்பது கதை. அதன் ஞாபகமாகத் தொடை நரம்பு விலக்கு. மாட்டின் பின்பாகத்திலிருந்து அந்த நரம்பையும் விலக்கப்பட்ட கொழுப்பையும் நீக்குவது சள்ளை பிடித்த வேலை. ஆகவே அமெரிக்காவில் பின்பாகத்தைப் பெரும்பாலும் வேறு கடைகளுக்குத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சுவது மார்பு, வயிற்றுப் பக்கம், நாக்கு. எல்லாம் முரட்டுக் கறி, லேசில் வேகாது. அதை நாள் கணக்கில் உப்பு நீரில் ஊறப்போட்டு, மசாலா தேய்த்து, புகையில் காட்டி, பிறகு ஆவியில் வேகவைக்கிறார்கள். அதுதான் பாஸ்ட்ராமி. ருமேனியாவிலிருந்து வந்த பக்குவம். தேய்க்கிற மசாலாவில் முக்கியமானவை மிளகும் தனியாவும். ஆவி பறக்கிற அந்தத் துண்டுகளின் வாசனை வந்தபோது யார் வீட்டிலோ ரசப்பொடி இடிக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஆகச் சட்டம் வேறு, ருசி வேறு என்று நாம் சுலபமாகப் பிரித்துப் பேசுவது சரியில்லை. இந்த ருசி அந்தச் சட்டத்தின் வயிற்றில் பிறந்தது. நல்ல கறியைக் கைவிட்டவர்கள் கெட்டிக் கறியை நல்லதாக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தச் சட்டத்துக்கு விலையும் கொடுத்தார்கள். 1902ஆம் வருஷம் மே மாதம் கோஷர் இறைச்சி, அதாவது சாஸ்திரப்படி அறுத்த இறைச்சி, ராத்தல் 12 சென்டிலிருந்து 18 சென்டாக ஏறியது. அந்தப் பேட்டையின் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள்; இறைச்சியை எடுத்து வீதியில் எறிந்தார்கள்; போலீஸ் பலரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. சட்டத்தைத் தளர்த்து என்று அந்தப் பெண்கள் கேட்கவில்லை. விலையைத் தளர்த்து என்றுதான் கேட்டார்கள்.

இன்று காட்ஸ் கோஷர் கடை அல்ல. ஓய்வு நாளான சனிக்கிழமையும் திறந்திருக்கிறது. உப்பிட்ட மாட்டிறைச்சியின் மேல் சுவிஸ் பாலாடைக்கட்டியை உருக்கி வைத்த ரூபன் சாண்ட்விச்சும் அங்கே கிடைக்கும். அந்தப் பெண்களில் ஒருத்தி திரும்பி வந்தால் வாசற்படி ஏறமாட்டாள்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், எழுபது தாண்டியவர், யூதர். கடவுள் நம்பிக்கையை இருபது வயதிலேயே விட்டவர். அவருடைய மகளும் கூட வந்தாள். வாசலில் ஆளுக்கு ஒரு சீட்டுத் தந்தார்கள். வாங்குவதையெல்லாம் அதில் குறித்து, வெளியே போகும்போது கணக்குத் தீர்க்க வேண்டும். இறைச்சி வெட்டுகிறவர் ஒரு துண்டைத் தட்டில் வைத்து ருசி பார்க்க நீட்டினார். நான் மாமிசம் உண்பதில்லை. அதை மகள் எடுத்துக்கொண்டாள். எனக்கு உருளைக்கிழங்கு அடைத்த ஒரு நிஷ், உப்பு நீரில் ஊறிய வெள்ளரிக்காய், செலரி விதையின் மணம் சேர்ந்த சோடா.

மகள் ரூபன் வாங்கினாள். பெரியவர் பாஸ்ட்ராமியும் ரை ரொட்டியும் கடுகும். “நீங்களும் அதையே வாங்கலாமே, உங்களுக்குத்தான் விலக்கு ஒன்றும் இல்லையே?” என்று கேட்டேன்.

“விலக்கு இல்லை. இறங்காது” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

மகள் சிரித்தாள். குட்டியும் தாய்ப்பாலும் பற்றிய அந்த வரியை எனக்கு விளக்கமாகச் சொன்னவள் அவள்தான். கொன்று தின்றாலும் தாண்டக் கூடாத ஒரு கோடு உண்டு என்பதே அதன் தாத்பரியம் என்றாள். சொல்லிக்கொண்டே பாலாடையோடு கடித்துத் தின்றாள். பெரியவருக்குக் காரணத்தில் அக்கறை இல்லை, கட்டுப்பாடு இருக்கிறது. மகளுக்குக் காரணம் தெரியும்; கட்டுப்பாடு இல்லை. இருவரில் யார் அந்தச் சட்டத்துக்கு நெருங்கியவர்?

என் மனம் பெரியவர் பக்கமே சாய்ந்தது. காரணத்தை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொடுத்துவிடலாம். இறங்காத தொண்டையை உண்டாக்க நாலைந்து தலைமுறை வேண்டும். ஆனால் நான் நடுநிலையான நீதிபதி அல்ல. என் கதையும் அதுதான். இறைச்சியை நான் தொடாததற்குக் கருணை காரணம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. காலில் இருப்பது தோல் செருப்பு. எனக்கும் இறங்காது, அவ்வளவுதான். இதில் புண்ணியம் எங்கே வந்தது? நாக்கு செய்கிற வேலைக்கு மனம் கூலி கேட்கும்போதுதான் பாசாங்கு ஆரம்பமாகிறது என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் அந்தக் கூலியைத் தாராளமாகவே வசூலித்திருக்கிறோம். நாக்கின் ஆசாரம் இங்கே தனியாக வந்ததில்லை. யார் பக்கத்தில் உட்காரலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்ற கணக்கையும் கூட்டிக்கொண்டே வந்தது. பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவனிடம் போய், என் தொண்டை தலைமுறைகளின் சொத்து என்று நான் பெருமை பேச முடியுமா? பெரியவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் தொண்டை யாரையும் மேஜையிலிருந்து எழுப்பவில்லை. எதிரே மகள் பாலாடையை வழித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

கடைச் சுவரில், ராணுவத்திலிருக்கும் உன் பையனுக்கு ஒரு சலாமி அனுப்பு என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் கடைக்காரர்களின் பிள்ளைகள் மூவர் பட்டாளத்தில் இருந்தபோது கிளம்பிய வாசகம் அது. உலர்ந்த சலாமி கெடாது. கடல் தாண்டிப் போகும். பொட்டலம் கட்டிய தாய் அனுப்பியது சட்டத்தையா, ருசியையா, வெறும் பாசத்தையா என்று அவளிடம் கேட்டிருந்தால், பையன் பசித்திருப்பான், வழியை விடு என்று சொல்லியிருப்பாள். அவனும் ஏதோ ஒரு முகாமில் பேனாக்கத்தியால் அதைத் துண்டு போட்டு, அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டே இராத பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் ஒன்று நீட்டியிருப்பான்.