பாதுகையும் பவர் பத்திரமும்

இன்று புராணத்தோடு என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன்.

என் பெரியப்பா தெலுக் இந்தானில் இருந்தார். பக்கவாதம் வந்து படுத்ததும், வங்கிக்கும் நில அலுவலகத்துக்கும் நான் போய்வர என் பேரில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதினார். 'சூராட் குவாசா' என்கிறோமே, அதுதான். ஆறு வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரே மகளான அக்கா ஜொகூர் பாருவிலிருந்து தீபாவளிக்கு மட்டும் வருவார்.

பெரியப்பா இறந்த எட்டாம் நாள், கருமாதிகூட முடியவில்லை, வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டது. கூட வந்த சொந்தக்காரர் காதோடு சொன்னார்: "பவர் உன் கையிலதானே இருக்கு தம்பி. முன் தேதி போட்டுக் கையெழுத்து வச்சிரு. அக்காவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

பொய் சொல்லமாட்டேன், பேனாவை எடுத்தேன். மலம் அள்ளினவன் நான், வீடு அக்காவுக்கா என்று மனசு கணக்குப் போட்டது. நிமிர்ந்தால், வாசலில் பெரியப்பாவின் ஜப்பான் சிலிப்பர் அப்படியே கிடக்கிறது.

பரதன் ஞாபகம் வந்தது. அண்ணனின் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டு, 14 வருஷம் நந்திகிராமத்தில் இருந்தே நாட்டைப் பார்த்துக்கொண்டான். ராமன் திரும்பியபோது கருவூலம் பத்து மடங்காகப் பெருகியிருந்தது. ஆனால் ஒன்று. ராமன் வருவான், கணக்குக் கேட்பான் என்று பரதனுக்குத் தெரியும். செத்தவர் வந்து கேட்கமாட்டாரே! பாண்டு காட்டிலேயே இறந்துபோனான். தம்பி பிள்ளைகளின் பங்கை முழுசாக விட்டுக்கொடுக்க திருதராஷ்டிரனுக்கு மனம் வரவில்லை. நூறு பிள்ளைகளையும் பறிகொடுத்தான்.

பேனாவை வைத்துவிட்டேன். மறுநாள் லோயரைப் பார்த்தேன். "இந்த மாதிரிப் பவர், கொடுத்தவர் மூச்சு நின்ற நிமிஷமே முடிஞ்சிபோச்சு. அப்புறம் அதைக் காட்டிப் பத்து வெள்ளி எடுத்தாலும் தப்பு. தேதியை மாத்தினா மோசடி" என்றார். உயில் இல்லை, பெரியம்மாவும் முன்பே போய்விட்டார். 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி எல்லாம் பிள்ளைக்கே. பவர் இருக்கிறவனுக்குப் பங்கு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நில அலுவலகத்தில் முறையாக மனு போட வேண்டியவரும் அக்காதான்.

எனக்கு வியர்த்துவிட்டது. சாவுச் செலவுக்கென்று இரண்டாம் நாளே அதே பவரை வைத்து 3,000 வெள்ளி எடுத்திருந்தேன். அப்போது அது தப்பாகவே தோன்றவில்லை. நம்மில் எத்தனை பேர் இறந்தவரின் ஏடிஎம் கார்டைப் பையில் வைத்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து, பணம் எடுத்ததையும் பேனா எடுத்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ரசீது வச்சிருக்கியாடா?" என்று மட்டும் கேட்டார்.

கருமாதிக்கு வந்தபோது வீட்டுச் சாவி, கிராண்ட், ரசீதுகள் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ரசீதாகக் கூட்டிப் பார்த்தார். 140 வெள்ளி இடித்தது. எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.