தனியாக இருக்க ஓர் ஊர்

ஓவியக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால், ஏற்காடு மலையில் வெள்ளக்கடையானாலும் சரி, சென்னையானாலும் சரி, வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: “படிச்சு முடிச்சிட்டு என்ன பண்ணுவே?” இதைக் கேலி என்று தள்ளிவிட முடியாது. காப்பித் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துப் படிக்க வைப்பவருக்குக் கேட்க முழு உரிமை உண்டு. இதே கேள்வியை ஒரு கல்லூரி முதல்வர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். விடையாக ஓர் ஊரே எழுந்தது.

மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல் இந்திய முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கரை ஒரு கவலை அரித்தது. கல்லூரியில் இரவு பகலாக வரைந்த பிள்ளைகள், வெளியே போன சில ஆண்டுகளிலேயே தூரிகையை மூட்டை கட்டிவிட்டார்கள். ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அன்றைய சென்னையில் அரிது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. அந்த வேலைக்குப் பிறகு வரையத் தெம்பு இல்லை.

திறமை எங்கும் போய்விடவில்லை. கல்லூரி கொடுத்திருந்த இடம் போயிற்று, நேரம் போயிற்று. “இந்த மூலை சரியில்லையே” என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் தோழன் போனதுதான் பேரிழப்பு.

பணிக்கரும் இளம் கலைஞர்களும் கண்ட வழி எளிமையானது. துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்க்கும் பாத்திக் வேலையில் எல்லோரும் இறங்கினார்கள். கைவினைப் பொருள்கள் விற்ற காசைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. பகலில் ஒரு பங்கு சோற்றுக்கான கைவினை. மீதி நேரம் அவரவர் ஓவியத்துக்கு, சிற்பத்துக்கு.

ஒரே மணலில் வாழ்ந்தவர்கள் ஒரே மாதிரி வரைந்திருப்பார்கள் என்று தோன்றும். நடந்தது வேறு. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி உருவங்களை எழுப்பினார். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் ஜாதகக் கட்டங்களாலும் படிக்க முடியாத எழுத்துகளாலும் நிரம்பின. கே. ராமானுஜம் மையால் கனவு நகரங்களை இழைத்தார். ஒருவர் கை இன்னொருவரிடம் ஒட்டவில்லை.

எங்கள் ஏற்காட்டு மலையில் காப்பிச் செடிக்கு மேலே சில்வர் ஓக் நிழல் வேண்டும். நிழலே இல்லையென்றால் இலை கருகும். அடர்ந்துவிட்டால் காய்ப்புக் குறையும். அதனால்தான் தோட்டக்காரர்கள் கிளை கழிக்கிறார்கள். ஆசிரியரின் நிழலும் கூட்டத்தின் நிழலும் அப்படித்தான். வெயில் உள்ளே வரும் அளவுக்கு விலகி நிற்கத் தெரிய வேண்டும்.

ஆனாலும் ஊர் எதற்கும் மருந்தாகிவிடாது. அத்தனை பேர் சுற்றியிருந்தும் ராமானுஜம் 1973இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குள் இருந்த துயரத்தை அந்தக் கிராமத்தால் ஆற்ற முடியவில்லை. ஆயினும் அவர் வரைவதற்கு ஓர் இடமும், வரைந்ததை மதிக்கும் கண்களும் அங்கே இருந்தன. கூட்டு வாழ்வு தரக்கூடியதும் அவ்வளவுதான், அது சிறிதல்ல.

கலைஞன் என்றதும் ஒற்றையாய் உட்கார்ந்திருக்கும் ஒருவனைத்தான் நினைக்கிறோம். அவன் உட்கார்ந்திருக்கும் அறைக்கு வாடகை யார் கொடுத்தார், உலையில் அரிசி எப்படி விழுந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் அந்த ஒற்றை ஆளுக்குப் பின்னால் பத்துப் பேர் தெரிவார்கள். படைப்பு ஒருவரின் கையிலிருந்து வருகிறது; அந்தக் கைக்குக் கிடைத்த ஓய்வு பலர் சேர்ந்து சம்பாதித்தது. ஆகவே கோடு போடவும் வண்ணம் கலக்கவும் கற்றுத்தரும் கல்லூரிகள், கிடைத்ததைப் பங்கிட்டு வாழவும் கற்றுத்தர வேண்டும். தனிமை என்பது பலர் கூடி ஒருவருக்குக் கொடுக்கும் கொடை.