பொருள் அறியாப் பாடலும் வாசனையும்

பொருள் விளங்காத மொழியில் அமைந்த பாடலொன்று கேட்பவரின் நெஞ்சை இளக்குமாயின், அந்த இளக்கம் வெறும் பற்றா, அறிவின் தொடக்கமா என்னும் வினா இந்தியச் சமய மெய்யியலில் மிகப் பழையது. வேத மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று கௌத்சர் என்னும் ஆசிரியர் வாதிட்டதையும், வேதச் சொற்களை வேர்வழி ஆராயும் நிருக்தம் என்னும் நூலில் யாஸ்கர் அவ்வாதத்தை எடுத்துக்காட்டி மறுத்ததையும் அத்துறை பயின்றோர் அறிவர். அதே வினா இன்று ஏற்காட்டிலும் அதன் அடிவாரத்துச் சேலத்திலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்களின் செவிகளில் வேறு வடிவில் எழுகிறது. அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களின் முகப்புப் பாடலே அவ்வடிவம்.

பொருள் அறியாத பாடலைக் கேட்டு மகிழும் பழக்கம் அனிமே என்ற சொல் தமிழ்நாட்டில் பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-இல் தொடங்கிய ‘ஜங்கிள் புக்’ தொடர் 1993-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது, அதற்குக் குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த இந்தி முகப்புப் பாடலை, இந்தி அறியாத தமிழ்ப் பிள்ளைகளும் கேட்டுப் பாடினர்; ஆங்கிலக் கதை, ஜப்பானியச் சித்திரம், இந்திப் பாட்டு, தமிழ்ச் செவி என நான்கும் அங்கே ஒன்றுகூடின. பின்னர் ‘போக்கிமான்’, ‘டிராகன் பால் இசட்’ ஆகியவை கேபிள் வழியே வந்தன. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ வரிசையின் ‘இன்ஃபினிட்டி கேஸில்’ திரைப்படம் தமிழ்க் குரலுடனும் திரையரங்குகளுக்கு வந்தது. இத்தகைய ஆக்கங்களில் பாத்திரங்கள் தமிழ் பேசினாலும் பாடல்கள் பெரும்பாலும் ஜப்பானியமாகவே நிற்கின்றன என்பதால், பழைய நிலைமை மாறவில்லை.

முகப்புப் பாடல் ஏறத்தாழ 90 விநாடி நீள்வது. ஐம்பது பகுதிகள் கொண்ட தொடரைத் தவறாமல் பார்க்கும் சிறுவன் அதே பாடலை ஐம்பது முறை, அதாவது மொத்தம் 75 நிமிடம், பெரும்பாலும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமர்ந்து கேட்கிறான். மறுபடி மறுபடி வரும் அனுபவம் உள்ளத்தில் பதிக்கும் தடத்தை மெய்யியலார் வாசனை என்பர். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைத் தோட்டங்களில் கோடை மழைக்குப் பின் ஒருசேர மலரும் காப்பிப் பூ சில நாளில் வாடிவிட, அதன் மணம் கண்டவர் நினைவில் அடுத்த கோடை வரை தங்குவதை எண்ணினால், மணத்தைக் குறிக்கும் சொல்லே மனப்பதிவையும் குறிப்பதன் பொருத்தம் விளங்கும். இவ்வாறு பழகியதன்மேல் எழும் இனிய ஏக்கத்தை ஜப்பானியர் ‘நட்சுகஷீ’ என்பர். பழகி ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த சொல் அது.

இவ்வாசனையை எவ்வாறு மதிப்பது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. காளிதாசரின் ‘சாகுந்தலம்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், அரண்மனை உள்ளிருந்து வரும் அரசி அம்சபதிகையின் பாட்டைக் கேட்ட மன்னன் துஷ்யந்தன் காரணம் தெரியாமல் ஏங்குகிறான். இனிய ஒலி முற்பிறவி நட்பை மனம் அறியாமலே நினைவூட்டுகிறதோ என்று ஐயுறுகிறான். இக்காட்சியை எடுத்து விளக்கிய காஷ்மீரச் சைவ அறிஞர் அபிநவகுப்தர், உள்ளத்தில் வாசனை இல்லாதவருக்குச் சுவை என்பதே இல்லை என்னும் கொள்கையுடையவர். தமிழ்ச் சைவ சித்தாந்தமோ வாசனையை ஐயத்தோடு நோக்குகிறது. பெருங்காயம் தீர்ந்த பின்னும் பாத்திரத்தில் மணம் நிற்பதுபோல, உயிரைப் பிணிக்கும் அழுக்காகிய மலம் நீங்கிய பின்னும் உயிரில் எஞ்சும் பழக்கத்தை அது வாசனாமலம் என்று பெயரிட்டு, அதுவும் கழியவேண்டும் என்கிறது. ஆயினும் அதைக் கழிக்க அச்சித்தாந்தத்தின் ஆசிரியர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஒன்பதாம் சூத்திரத்தில் காட்டும் வழி சிவனுக்குரிய ஐந்தெழுத்து மந்திரத்தை ஓதுவது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது: ஒலியால் ஊறிய பழக்கத்தை நீக்கவும் மற்றோர் ஒலியே வேண்டியிருக்கிறது.

எனவே, இளைஞர் உள்ளத்தில் ஊறிய அயல்மொழிப் பாடலை அற்பம் என்று தள்ளுவது மெய்யியலுக்கு ஒவ்வாது. துஷ்யந்தனின் ஏக்கத்தைக் காவியச் சுவையாகப் போற்றுவோர், பள்ளி முடிந்து வீடு திரும்பிய மாலைகளைப் பத்தாண்டு கழித்து ஒரு ஜப்பானிய மெட்டில் உணர்ந்து கண் கலங்கும் இளைஞனின் ஏக்கத்தை மட்டும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க இயலாது. அதே வேளையில், அந்த ஏக்கத்திலேயே தங்கிவிடுவதும் போதாது. யாஸ்கர் பொருளறியாது ஓதுபவரைச் சுமை தாங்கும் கம்பத்துக்கு ஒப்பிட்டார். மாணிக்கவாசகரின் சிவபுராணமும் தன் பயனைப் பாட்டின் பொருளை உணர்ந்து சொல்பவருக்கே உரியதாக்கி முடிகிறது.

பொருளை நாடினால் கிடைப்பது என்ன என்பதற்கு ஒரு சான்று போதும். 2019-இல் பாடகி லிசா பாடி வெளிவந்த ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் முகப்புப் பாடலுக்கு ‘குரெங்கே’ என்று பெயர். அதைப் பிழையின்றி முணுமுணுக்கும் தமிழருள் பலர், அப்பெயர் செந்தாமரையைக் குறிப்பது என்பதை அறியார். அச்சொல்லின் முற்பகுதியாகிய ‘குரென்’ பௌத்த நூல்கள் கூறும் எட்டுக் குளிர் நரகங்களுள் ஒன்றுக்கும் பெயராகும். கடுங்குளிரில் உடல் வெடித்துச் செந்தாமரைபோல் விரியும் நரகம் அது. வடமொழியில் அதற்குப் பத்மம் என்றே பெயர். சேற்றில் பிறந்தும் மாசுபடாத மலரும், உயிர் வெடிக்கும் வேதனையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன என்பதை உணர்ந்தபின், குடும்பத்தை இழந்த சிறுவன் அரக்கரோடு போரிடும் கதைக்கு அச்சொல் ஏன் முகப்பாயிற்று என்பது விளங்குகிறது. இந்தியாவில் பிறந்த உவமை சீனம் வழியே ஜப்பான் சென்று, பாட்டாகி, தமிழ் இளைஞனின் செவிக்குத் திரும்பியிருக்கிறது. பொருள் தெரிந்ததால் மெட்டின் இனிமை குறைவதில்லை. ஏக்கம் தனக்குரிய சொல்லைப் பெற்றுத் தெளிகிறது.

கேட்டுப் பழகிய பாட்டின்மீது மட்டுமன்றி, ஒருவர் தாம் காணாததன்மீதும் ஏக்கம் கொள்ள இயலும் என்பதற்குச் சேர்வராயன் மலையே சாட்சி. இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லாக இங்கே அதைக் கொள்ளலாகாது, மலையில் வாழ்வோர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழி மரபு. கண்டறியாத அந்த ஊரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லியே அவர்கள் காத்துவந்திருக்கின்றனர். மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், குறுகிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கும் கோயிலில் மே மாதத்தில் அவர்களின் திருவிழா நடக்கிறது.

ஏற்காட்டிலும் சேலத்திலும் உள்ள இளைஞர் தாம் விரும்பும் ஜப்பானியப் பாடலின் பொருளைத் தேடி அறிய வேண்டும். அதே ஆவலோடு மே மாதத்தில் மலையேறி, மலையாளி முதியோர் தம் பாட்டிலும் கதையிலும் சொல்வதன் பொருளையும் அவர்களிடமே கேட்டறிய வேண்டும். முன்னதற்கு மொழிபெயர்ப்புகள் என்றும் கிடைக்கும். பின்னதற்கு அந்த முதியோரை விட்டால் வேறு ஆளில்லை.