ஸ்டோர் சாவி உன் கையில்!

"அடுத்த மாசத்துலேருந்து எல்லாம் ஈஆர்பி, ஸ்டோரும் அக்கவுண்ட்ஸும் ஒரே கம்ப்யூட்டர் கணக்குல" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனதும் உன் முகம் செத்துப்போனதே, பார்த்தேன். 18 வருஷமாக ஸ்டோரில் இருக்கிறாய். எந்த ரேக்கில் எந்த பேரிங், எவன் அனுப்பும் ஆயில் பேரலில் ஒரு லிட்டர் குறையும், எல்லாம் உனக்கு அத்துப்படி. அந்தக் கை இன்று மவுஸைத் தொடக் கூசுகிறது. "நமக்கு இதெல்லாம் வராது சார்" என்கிறாய். வராது என்று உனக்கு யாரடா சொன்னது?

1972. ஜெர்மனியில் ஐபிஎம்மில் வேலை பார்த்த ஐந்து பேர் கைவைத்திருந்த வேலையை, இனி தேவையில்லை என்றது கம்பெனி. அவர்கள் உத்தியோகத்தை விட்டார்கள், யோசனையை விடவில்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி தனிக்கடை போட்டார்கள். (முட்டாள்கள் தினம்தான், சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.) ஐவரில் ஒருவரான ஹாஸோ பிளாட்னருக்கு அப்போது 28 வயது. மென்பொருள் எழுதக் கிளம்பியவர்களிடம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது! அந்தக் கடைதான் இன்று ஈஆர்பி மென்பொருள் விற்கும் எஸ்ஏபி.

ஓஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் இருந்த ஐசிஐ நைலான் ஆலை அவர்களின் முதல் வாடிக்கை. அந்த ஆலையின் கம்ப்யூட்டரிலேயே ராத்திரியும் விடுமுறையுமாக உட்கார்ந்து எழுதினார்கள். அன்றைய வழக்கம் என்ன தெரியுமா? பகலெல்லாம் அட்டையில் துளை போட்டு, கட்டுக்கட்டாக அடுக்கி, மொத்தமாக மெஷினுக்குத் தீனி போடுவது. நேற்றைய இருப்பு இன்றைக்குத்தான் தெரியும். ஐவரும் மல்லுக்கட்டியது இதோடுதான்: சரக்கு இறங்கும்போதே கணக்கில் ஏறினால் என்ன? ஸ்டோரில் ஒருதடவை எழுதியதை அக்கவுண்ட்ஸில் எதற்கு இன்னொருதடவை எழுத வேண்டும்?

ஈஆர்பி மொத்தமும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். எஸ்ஏபியிடமிருந்து 1973-இல் நிதிக் கணக்கு, அப்புறம் கொள்முதலும் இருப்பும், அடுத்தடுத்த பதிப்புகளாக 1979-இல் ஆர்/2, 1992-இல் ஆர்/3, 2015-இல் எஸ்/4 ஹானா. ஈஆர்பி என்ற பெயரே 1990-இல்தான் வந்தது. பெயர் வைக்கும் முன்பே 18 வருஷம் வளர்ந்துவிட்ட பிள்ளை அது! இப்படியொரு கேள்வி ஆலைக்குள்ளேயே கிடந்தவனுக்குத்தான் உதிக்கும் என்பது என் கட்சி. நீயும் ஆலைக்குள் கிடந்தவன்தானே?

இங்கிலீஷ் வராது என்கிறாயா? இன்றைக்கும் எஸ்ஏபியின் வயிற்றுக்குள் 'பிகேபிஎஃப்' என்று ஒரு டேபிள் இருக்கிறது. விரித்தால் 'பெலெக்கோப்ஃப்', வவுச்சரின் தலைப்பு என்று அர்த்தம். சுத்த ஜெர்மன்! தங்கள் பாஷையிலேயே யோசித்து எழுதினார்கள். உலகம் அந்தச் சுருக்கெழுத்தை மனப்பாடம் செய்துகொண்டது. நீ மட்டும் ஏன் தலைகுனிகிறாய்?

இன்னொரு ஊருக்கு வா. 1999, அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி. ஆர்/3-ஐயும் வேறு இரண்டு மென்பொருள்களையும் சேர்த்து ஜூலையில் ஓடவிட்டார்கள். அடுத்து வந்தது ஹாலோவீன்; சாக்லேட் வியாபாரத்துக்கு அது தீபாவளி மாதிரி. 10 கோடி டாலர் ஆர்டருக்குச் சரக்கு போய்ச் சேரவில்லை. சரக்கு இல்லாமலா? கிடங்கில் இருந்தது! அவசரம், பயிற்சிக் குறைவு என்று காரணங்கள் பல. அதில் ஒன்றை மட்டும் கேள். சீசன் நெருக்கடியில் கிடைத்த இடத்திலெல்லாம் பெட்டியை அடுக்குவது அங்கே பழக்கம். அந்த இடங்களை யாரும் கம்ப்யூட்டருக்குச் சொல்லவில்லை. அடுக்கினவனுக்குத் தெரிந்தது திரைக்குத் தெரியவில்லை. கோடிகளைக் கொட்டி வாங்கிய மெஷின் ஒரு ஸ்டோர்க்காரனின் வாய்வார்த்தை இல்லாமல் முழித்தது!

அந்த ஸ்டோர்க்காரன் இங்கே நீ. நாளைக்கு டை கட்டிய கன்சல்டன்ட் வருவான். "இந்த ஆயில் என்ன யூனிட்?" என்பான். வாங்குவது பேரல், கொடுப்பது லிட்டர் என்று உனக்குத் தெரியும். ஒரே பேரிங் மூன்று பெயரில் மூன்று லெட்ஜர் பக்கத்தில் இருப்பதும் உனக்குத்தான் தெரியும். நீ வாயைத் திறக்காவிட்டால் அந்த மூன்றும் அப்படியே மூன்று ஐட்டமாக உள்ளே போகும். இருக்கிற பேரிங்கை மறுபடி வாங்குவார்கள்.

கதவோரம் நிற்காதே! நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார். "தள்ளுங்க தம்பி, நான் அடிக்கிறேன்" என்று சொல். ஒரு விரலால் அடி, பரவாயில்லை. 6205 பேரிங். மூணாவது ரேக், கீழ்த்தட்டு. இருப்பு 14. பின் கார்டைப் பார்த்து ஒருதரம் சரிபார்த்துக்கொள். ம், என்டரைத் தட்டு!