ஐந்தாவது குருவி



இன்று வாசிக்கக் கேட்ட மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் குருவிகளின் விலையைச் சொல்கிறார். ஒரு காசுக்கு இரண்டு குருவி. இதையே லூக்கா எழுதும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது: இரண்டு காசுக்கு ஐந்து. சந்தைக்குப் போய்ப் பழகிய நமக்கு இது சட்டென்று விளங்கும். ஐந்தாவது குருவி கொசுறு. மெலிந்ததோ, சிறகு ஒடிந்ததோ, கால் நிற்காததோ, கேட்டதற்காக எடுத்துப் போட்டது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் சொல்கிறார். விலையில்லாத அந்த ஒன்றும் அதில் சேர்த்தி.

இந்த வாரத்தில் ஒரு பாட்டியம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, வீட்டுல வளக்குற கோழிக்குக் கால் விழுந்துபோச்சு. பேத்தி அதை மடியிலயே வச்சிக்கிட்டு அழுதுகிட்டிருக்கா. சீக்குக் கோழி, தூக்கிப் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. கோழிக்கெல்லாம் செபம் சொல்லலாமா, தப்பா?" என்று கேட்டார். "தாராளமா சொல்லலாம் பாட்டி. அது காலைத் திருப்பிப் பாத்தீங்களா?" என்றேன். வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அவரிடம் வாசலில் நின்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நம் சோழபுரத்தில் பஞ்சாரம் இல்லாத தெரு எது?

கோழி நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால் "வாதம் வந்துட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கால் விழுவது ஒரே நோய் இல்லை. பல நோய்கள் அந்த ஒரு வழியாக வெளியே தெரிகின்றன. எது என்று அறிய வேண்டுமானால் தரையில் உட்கார்ந்து, கோழியை மடியில் வைத்து, இரண்டு காலையும் விரல் விரலாகப் பார்க்க வேண்டும்.

முதலில் நூலைத் தேடுங்கள். நம் வட்டாரம் நூலால் பிழைக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுகிறது. தெருவெங்கும் நூல் துணுக்கு கிடக்கும். கோழி கிளறும்போது அது விரலில் சுற்றும். நடக்க நடக்க இறுகும். தோலுக்குள் புதைந்துவிட்டால் வெளியே வீக்கம் மட்டும்தான் தெரியும், நூல் தெரியாது. அப்படியே விட்டால் விரல் கறுத்து உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊற வைத்து, நல்ல வெளிச்சத்தில் சிறு கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுங்கள். அவ்வளவு பெரிய துன்பத்துக்குக் காரணம் ஒரு முழ நூலாக இருக்கலாம்.

பிறகு உள்ளங்காலைப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கோடு வீங்கியிருந்தால் உள்ளே சீழ் வைத்திருக்கிறது. உயரத்திலிருந்து கரடுமுரடான தரையில் குதிக்கும் கனத்த சேவல்களுக்கு இது வரும். அதை நீங்களே கீறாதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதிலுக்கடியில் பூச்சி. எண்ணெய் தடவித் தடவியே அதை அடக்கலாம்.

குஞ்சுக்கு இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்து போனால், பெட்டிக்குள் விரித்த செய்தித்தாளைச் சந்தேகப்படுங்கள். வழுக்கும் தரையில் அதற்குக் கால் ஊன்ற வராது. சாக்கை விரித்து, இரண்டு கால்களையும் இயல்பான இடைவெளியில் மெத்தென்ற பேண்டேஜ் துணியால் இறுக்காமல் இணைத்துக் கட்டினால், பிறந்த சில நாட்களுக்குள் என்றால் நிமிர்ந்துவிடும். விரல்கள் உள்பக்கமாக மடங்கி, குஞ்சு முட்டியால் நகர்ந்தால் அது ரைபோஃபிளேவின் என்ற சத்தின் குறைவு. கீரை, அவித்த முட்டை, மருத்துவர் சொல்லும் அளவில் பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து. சீக்கிரம் கொடுத்தால் விரல் விரியும். நாள் கடத்தினால் நரம்பு பழுதாகி, பிறகு கொடுத்தும் பயனில்லை. முட்டையிடும் கோழி திடீரென்று உட்கார்ந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்திருக்கலாம், முட்டை உள்ளே மாட்டியும் இருக்கலாம்.

வெள்ளைக்கழிச்சலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் சிறகு விழுவது, பக்கத்து வீட்டுக் கோழிகளும் சாவது. அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு. பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை ஊர் ஊராக இருவார முகாம் நடத்தி அதை இலவசமாகப் போடுகிறது. செத்த கோழியைக் கண்மாயில் வீசாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உங்கள் வீட்டு நோயை ஊருக்குக் கொடுப்பதும் அயலாருக்கு எதிரான பாவம்தான்.

பூசையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கால் விழுந்த கோழிகளை ஒருவர் நின்று பார்த்ததால் எத்தனை மனித உயிர்கள் பிழைத்தன என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இன்றைய இந்தோனேசியாவில், அன்றைக்கு டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாத் தீவில், படைவீரர்களும் கைதிகளும் பெரிபெரி என்ற நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தளரும், கடைசியில் இதயம் நிற்கும். 1886-ல் இதை ஆராய ஒரு குழு போனது. அதிலிருந்த இளம் மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் அங்கேயே தங்கிவிட்டார். ஏதோ கிருமிதான் காரணம் என்று எல்லாரையும்போல் அவரும் நம்பினார். கோழிகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். கோழிகள் தள்ளாடி விழுந்தன. ஆனால் ஒன்றுமே ஏற்றாமல் விட்டிருந்த கோழிகளும் விழுந்தன. சில மாதங்களில் யாரும் மருந்து கொடுக்காமலே எல்லாம் எழுந்து நடந்தன.

அவர் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. கோழிகள் என்ன தின்றன என்று விசாரித்தார். இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைக்கான சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு தீட்டாத அரிசியைப் போட்டார்கள், கோழிகள் எழுந்தன. தீட்டும்போது நாம் உதறிவிடும் தவிட்டைக் கொடுத்தபோதும் எழுந்தன. பிறகு ஜாவாவின் ஏறத்தாழ 100 சிறைகளில் கணக்கெடுத்தார்கள். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில்தான் பெரிபெரி மிகுந்திருந்தது. அரிசியில் ஏதோ நஞ்சு, தவிட்டில் அதற்கு மாற்று என்று எய்க்மன் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கிரெய்ன்ஸ், 1901-ல், உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று தீட்டிய அரிசியில் இல்லாமல் போகிறது என்று சரியாகச் சொன்னார். அதுதான் இன்றைக்கு நாம் பி1 என்று சொல்லும் தயமின். எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் 1920-களில் ராபர்ட் மக்காரிசன் புறாக்களை வைத்து அரிசிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். நெல்லைப் புழுங்க வைக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே அதைக் காப்பாற்றித் தந்தார்கள்.

ஆகவே வீட்டுக் கோழிக்கு வெறும் ரேஷன் சோற்றை மட்டும் போடாதீர்கள். தவிடு, கம்பு, குருணை, கொஞ்சம் முருங்கைக் கீரை சேர்த்துப் போடுங்கள்.

எல்லாக் காலும் எழுந்துவிடாது. இதையும் நான் மறைக்கக் கூடாது. 1907-ல் புடாபெஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக், கால் விழுந்த நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். வளரும் பருவத்துக் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மருத்துவர்கள் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். பண்ணைக் குஞ்சுகளுக்குப் பொரித்த அன்றே தடுப்பூசி உண்டு. நாம் வீட்டில் அடைவைக்கும் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இல்லை. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இன்றுவரை இல்லை. அப்படிப்பட்ட கோழியை என்ன செய்வது? கடவுளுடைய மக்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்?

சாமுவேல் இரண்டாம் நூலில் ஒரு பிள்ளை வருகிறான். யோனத்தானின் மகன் மெபிபொசேத்து. அப்பாவும் தாத்தா சவுலும் போரில் செத்த செய்தி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. செவிலி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவசரத்தில் கீழே விழுந்தான். இரண்டு காலும் போயின. பல ஆண்டுகள் கழித்து தாவீது அரசர், சவுல் வீட்டில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று கேட்கிறார். சீபா என்ற பணியாள் பதில் சொல்கிறான்: யோனத்தானுக்கு ஒரு மகன் இருக்கிறான், கால் ஊனம். அந்தப் பதிலில் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊனத்தைச் சொன்னால் ஆள் அடையாளம் போதும் என்று நினைத்துவிட்டான். தாவீது அவனை வரவழைத்ததும் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். செத்த நாயைப் போன்ற என்னை ஏன் கண்ணெடுத்துப் பார்க்கிறீர் என்கிறான் அவன். தாவீது தம் சாப்பாட்டுப் பந்தியில் அவனுக்கு நாள்தோறும் இடம் கொடுக்கிறார். அந்த அதிகாரம் முடியும் இடத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் நிறுத்தி வாசிக்கிறேன். அவன் நடந்தான் என்று அங்கே இல்லை. அரசரோடு சாப்பிட்டான், இரண்டு காலும் ஊனமாகவே இருந்தன. குணமாகவில்லை, ஆனாலும் இடம் இருந்தது.

எழ முடியாத கோழிக்கு நாம் தரக்கூடியதும் இடம்தான். மற்றக் கோழிகள் கொத்தாத மாதிரித் தனியாக வையுங்கள், ஆனால் அவை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள், தனிமையில் கோழி சரியாகத் தின்னாது. தீவனமும் தண்ணீரும் அலகுக்கு எட்ட வேண்டும். அடியில் உலர்ந்த வைக்கோலை விரித்து மாற்றிக்கொண்டே இருங்கள். பின்பக்கம் எச்சம் ஒட்டாமல் துடையுங்கள், ஒட்டினால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். பழைய துணியில் கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டு, கட்டில் சட்டத்தில் தொட்டிலாகக் கட்டி, பாதம் தரையைத் தொடும்படி கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் காலுக்குப் பயிற்சி. வீட்டிலிருக்கும் மனித மாத்திரையை ஒடித்துக் கொடுக்காதீர்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள். எதுவும் பலிக்காமல் அது வலியில் துடிக்கிறது என்றால், மருத்துவர் அதன் வேதனையை முடித்து வைப்பது பாவமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பையும் நான் பாவம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு அறுப்பது வேறு. என்ன ஆச்சு என்று குனிந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவது வேறு. நோய்க் கோழியை மட்டும் அறுத்துச் சமைக்காதீர்கள்.

பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால்கூட விலகிப் போகாதே, தூக்கி விடு என்று மோசே வழியாகக் கட்டளை தந்தவர் நம் கடவுள். தன் வீட்டுக் கோழியைப் பார்த்து அழுத அந்தப் பேத்தி, நம்மில் பலரைவிட அந்தக் கட்டளையை நன்றாக அறிந்திருக்கிறாள். அவளைக் கேலி செய்யாதீர்கள் என்று அந்த வீட்டாரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் பீடத்துக்குத் திரும்ப முடியாது. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது நம் வீடுகளின் பின்கட்டுகளைப் பார்க்கிறேன். ஐம்பது வருஷம் தறியில் மிதிகட்டை மிதித்த கால்கள் இன்று கட்டிலை விட்டு இறங்குவதில்லை. "வயசாச்சு சாமி, இனி என்ன இருக்கு?" என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்றால் பதில் இல்லை. வயதானவர்களின் கால் தளர்ச்சிக்கும் காரணங்கள் உண்டு. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கலாம். பி12 சத்துக் குறைந்திருக்கலாம், அதைக் காலத்தோடு கொடுத்தால் தேறும். உண்ணும் மருந்தே காரணமாக இருக்கலாம். சில கால்கள் எழாமலும் போகலாம். அப்போதும் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட முடியுமே. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அவருக்கும் ஒரு தட்டு வைக்க முடியுமே. தட்டைக் கதவுக்கு உள்ளே நகர்த்திவிட்டு வருவதை நிறுத்துங்கள்.

வீட்டில் படுக்கையாக இருப்பவர்களின் பெயர்களைப் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள். நோய் என்னவென்று மட்டும் எழுத வேண்டாம், பெயரை எழுதுங்கள். வரும் வாரத்திலிருந்து மன்றாட்டில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் செபிப்போம். பாட்டியம்மா கேட்டாரே, அவர் வீட்டுக் கோழிக்காகவும் செபிப்போம்.

இப்போது விசுவாச அறிக்கை. எல்லாரும் எழுந்து நிற்போம். முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்.